வெளியேறினாலும் விடாத குடியரசு

பாரிஸிலிருந்து கிழக்கே போகும் புறநகர் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் நுவாசி-லெ-கிரான் வந்துவிடும். அடுக்குமாடிகளும் அலுவலகங்களும் நிறைந்த ஊர். பெரும்பாலான பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஒருமுறைகூட இறங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் நாட்டை விட்டுப் போன பிறகும் பிரான்ஸில் வாடகை வீடோ வேறு வருமானமோ வைத்திருப்பவருக்கு இந்த ஊரின் பெயர் மனப்பாடம். வெளிநாட்டில் வசிப்போருக்கான வருமானவரி அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. இன்னும் தெற்கே, மெலன் நகரை ஒட்டி ரூபெல் என்று ஒரு சின்ன ஊர். வெளிநாட்டு பிரெஞ்சுக்காரர்களின் மருத்துவக் காப்பீட்டு நிதியம் இயங்குவது அங்கே. மேற்கே, கடலை நெருங்கி நாந்த். வெளிநாட்டில் நடந்த பிரெஞ்சுக்காரர்களின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் 1965 முதல் இந்த நகரத்தில் சேர்ந்துவருகின்றன.

வரிக்கு ஒரு ஊர், உடம்புக்கு ஒரு ஊர், பிறப்பு இறப்புக்கு ஒரு ஊர். டோக்கியோவில் குடியேறினாலும் லிமாவில் கடை வைத்தாலும் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றோடு கடிதப் போக்குவரத்து இருந்துகொண்டே இருக்கும். குடிமகன் புறப்பட்டால் குடியரசும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிடுவது பிரான்ஸின் வழக்கம். உலகில் வேறு எந்தெந்த நாடு இப்படிச் செய்கிறது என்று எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும் என்று நினைக்கிறேன். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, அது யாருக்காகக் கட்டப்பட்டது, இன்று போகிறவர்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் எத்தனை பேர் என்று பார்த்துவிடலாம். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்கள் தூதரகத்தில் பெயர் பதிந்துகொள்ளலாம். பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிந்தவர்கள் சுமார் 17 லட்சம். பதியாதவர்களையும் சேர்த்தால் 25 லட்சம் அல்லது அதற்கு மேலும் இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. பட்டியலில் முதலிடம் சுவிட்சர்லாந்துக்கு. அமெரிக்கா, பிரிட்டன், பெல்ஜியம், ஜெர்மனி, கனடா ஆகியவை அடுத்தடுத்த இடங்களைப் பிடிக்கின்றன. ஏறக்குறைய பாதிப் பேர் ஐரோப்பாவைத் தாண்டிப் போகவில்லை. தென்னை மரத்தடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர் என்று நாம் மனதில் வைத்திருக்கும் படம், சராசரியாகப் பார்த்தால், ஜெனிவாவில் டிராம் வண்டிக்குக் காத்திருக்கும் ஒரு கணக்காளர்தான்.

இவர்களைப் பொதுவாக 'எக்ஸ்பாத்ரியே' என்பார்கள். பேச்சில் இந்தச் சொல்லுக்கு ஒரு மிடுக்கு உண்டு. அல்ஜீரியாவிலிருந்து மார்செய் வந்தவர் 'இமிக்ரே', அதாவது குடியேறி. மார்செய்யிலிருந்து துபாய் போனவர் எக்ஸ்பாத்ரியே. இருவரும் செய்தது ஒரே காரியம் என்பதைப் பிரெஞ்சுப் பத்திரிகைகளே அவ்வப்போது குத்திக்காட்டுகின்றன. சட்டப் புத்தகத்தில் அந்தச் சொல்லின் பொருள் அவ்வளவு மிடுக்கானது அல்ல. பிரெஞ்சு நிறுவனம் ஒருவரைச் சில காலத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பி, அவருக்கான சமூகப் பாதுகாப்புச் சந்தாவைப் பிரான்ஸிலேயே தொடர்ந்து கட்டினால் அவர் 'அனுப்பப்பட்டவர்'. அந்தச் சந்தா நின்று, போன நாட்டின் முறைக்கு அவர் மாறிவிட்டால் அவர் 'எக்ஸ்பாத்ரியே'. பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டிலிருந்தும் ஓய்வூதியக் கணக்கிலிருந்தும் பெயர் விலகியவர் என்பதே நிர்வாக மொழியில் அந்தச் சொல்லின் பொருள். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. யாரும் அனுப்பாமல் தானே போய், அந்த ஊர் நிறுவனத்தில் அந்த ஊர்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர். இவரை 'உள்ளூர் ஒப்பந்தம்' என்கிறார்கள். இவருக்கு வீட்டு வாடகைப் படியும் கிடையாது, பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கிடையாது, ஆண்டுக்கொருமுறை ஊருக்கு விமான டிக்கெட்டும் கிடையாது.

அரசின் ஏற்பாடுகள் பெரும்பாலும் முதல் இரண்டு வகையினரை மனதில் வைத்துப் போடப்பட்டவை. இன்று விமானம் ஏறும் இளைஞர்களில் நிறையப் பேர் மூன்றாவது வகை. சிக்கலின் வேர் இங்கேதான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் வரலாற்றில் அதிகம் புலம்பெயர்ந்தவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தும் ஜெர்மனியும் இத்தாலியும் லட்சக்கணக்கில் மக்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தபோது பிரான்ஸ் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தது. அங்கே பிறப்பு விகிதம் மற்ற நாடுகளுக்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது, நிலமும் சிறு உழவர்கள் கையில் இருந்தது. கூட்டமாக வெளியேறியதற்குப் பெரிய உதாரணம் தேடினால் 1685க்குப் போக வேண்டும். புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்த் சாசனத்தைப் பதினான்காம் லூயி மன்னர் ரத்துசெய்தபோது சுமார் இரண்டு லட்சம் புராட்டஸ்டண்டுகள் ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் பிரஷ்யாவுக்கும் ஓடினார்கள். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவர்கள் கொண்டுபோன பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பிழைப்பு தேடிப் போனவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. ஆல்ப்ஸ் மலையில் பார்சலோனெத் என்று ஒரு சிறுநகரம். 1820களில் அந்தப் பக்கத்து அண்ணன் தம்பிகள் மெக்சிகோ போய்த் துணிக்கடை வைத்தார்கள். கடை ஓடியது, ஊரிலிருந்து ஒன்றுவிட்ட தம்பியை வரவழைத்தார்கள், தம்பி அடுத்த வீட்டுப் பையனை வரவழைத்தான். காரைக்குடிக்காரர்கள் பர்மாவுக்குப் போனதை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை பழகிய கதையாகத்தான் இருக்கும். முடிவும் அப்படியே. சம்பாதித்தவர்கள் திரும்பி வந்து 1880 முதல் 1930 வரை பார்சலோனெத்தில் மாளிகைகள் கட்டினார்கள். பனி விழும் மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் அந்தப் பங்களாக்களை ஊர்மக்கள் இன்றும் 'மெக்சிகோ மாளிகைகள்' என்றுதான் அழைக்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் பாரிஸ் ஒன்றும் செய்யவில்லை, இவர்களும் எதிர்பார்க்கவில்லை. அரசு கூடவே போகத் தொடங்கியது காலனிகளின் காலத்தில். காலனிகள் போன பிறகு அந்தப் பழக்கம் போகவில்லை. 1948இலேயே வெளிநாட்டு பிரெஞ்சுக்காரர்களுக்கென ஓர் உயர் மன்றம் அமைத்தார்கள். 1960களிலிருந்து ராணுவச் சேவைக்குப் பதிலாக ஆப்பிரிக்காவிலும், அதன் வடக்கே மக்ரெப் எனப்படும் நாடுகளிலும் ஆசிரியராகவோ பொறியாளராகவோ ஓரிரு ஆண்டுகள் வேலை பார்க்கலாம் என்ற வழி இருந்தது. கட்டாய ராணுவச் சேவை முடிவுக்கு வந்த காலத்தில், 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம், அதே யோசனை நிறுவனங்களுக்கான 'சர்வதேசத் தன்னார்வப் பணி'யாக உருமாறியது. 18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள் 6 மாதம் முதல் 24 மாதம் வரை வெளிநாட்டில் வேலை பார்க்கலாம். பெயர்தான் தன்னார்வம், மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பிரெஞ்சுப் பட்டதாரிகள் பலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையின் முதல் படி இதுதான்.

பெட்டியில் மிகக் கனமான சாமான் பள்ளிக்கூடம். 1990இல் இதற்கென ஒரு முகமை அமைக்கப்பட்டது. சுமார் 140 நாடுகளில், 600க்கு அருகில் பள்ளிகள், ஏறக்குறைய 4 லட்சம் மாணவர்கள். ஜகார்த்தாவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் தந்தைக்கு நடுவில் புவனோஸ் ஐரிஸுக்கு மாற்றல் வந்தால், அவள் அங்கே போய் அதே பாடத்திட்டத்தில் தொடரலாம். பள்ளியிறுதித் தேர்வான பக்கலோரியாவும் ஒன்றே. இது சாதாரண ஏற்பாடு அல்ல. ஆனால் இலவசமும் அல்ல. நியூயார்க்கின் பிரெஞ்சுப் பள்ளியில் ஆண்டுக் கட்டணம் 40,000 டாலரைத் தாண்டிவிட்டது. நிறுவனம் கட்டினால் கவலையில்லை, உள்ளூர் ஒப்பந்தத்துக்காரர் கட்ட முடியாது. வருமானத்தைப் பொறுத்து அரசு உதவித்தொகை தருகிறது. 2007இல் சர்க்கோசி ஆட்சி உயர்நிலை வகுப்புகளில் பிரெஞ்சுப் பிள்ளைகளின் கட்டணத்தை வருமானம் பார்க்காமல் அரசே ஏற்கும் என்றது. 2012இல் ஒல்லாந்த் ஆட்சி வந்ததும் அதை எடுத்துவிட்டது. பெரிய வங்கி அதிகாரியின் பிள்ளைக்கு வரிப்பணத்தில் ஏன் கட்ட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி, நியாயமான கேள்விதான். இதில் வேடிக்கை, இந்தப் பள்ளிகளில் படிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிரெஞ்சுக்காரர்களே அல்லர். அந்தந்த நாட்டு மேல்தட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள்.

பெட்டியில் ஓட்டுரிமையும் இருக்கிறது. வெளிநாட்டு பிரெஞ்சுக்காரர்களுக்குச் செனட்டில் 12 இடங்கள். 2008இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, 2012 முதல் தேசிய சபையிலும் 11 உறுப்பினர்களைக் கொடுத்தார்கள். உலகத்தையே பதினொன்றாக வெட்டித் தொகுதி பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து முதல் தொகுதி. சுவிட்சர்லாந்தும் லீக்டன்ஸ்டைனும் மட்டும் ஆறாவது. பதினொன்றாவது தொகுதிக்குள் ரஷ்யா, இந்தியா, சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா எல்லாம் அடங்கும். அந்த உறுப்பினர் தொகுதிச் சுற்றுப்பயணம் போனால் பூமியைப் பாதி சுற்ற வேண்டும். வாக்குச்சாவடி ஐந்நூறு மைல் தள்ளி இருப்பவர்களுக்காக இணைய வாக்கும் உண்டு. 2012இல் நடந்தது, 2017இல் இணையத் தாக்குதல் அச்சத்தால் நிறுத்தினார்கள், 2022இல் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

இனி ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். நாந்த் நகரத்துக்காரர், வயது 29, மருத்துவமனையில் செவிலியர். கிளேர் என்று கற்பனையாக ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். போக நினைக்கும் ஊர் மாண்ட்ரியல். பிரெஞ்சு பேசும் ஊர், ஆங்கிலம் தடுமாறினாலும் பிழைத்துக்கொள்ளலாம், சம்பளமும் பரவாயில்லை. கிளேரைப் போல ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

அவர் முதலில் எடுப்பது 'பே-வே-தே'. பயணம் செய்துகொண்டே வேலையும் பார்க்க அனுமதிக்கும் விசா. கனடாவுக்கு 18 முதல் 35 வயது வரையுள்ள பிரெஞ்சுக்காரர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். விண்ணப்பித்தவர்களின் பெயர்களை ஒரு குளத்தில் போட்டு, குலுக்கல் முறையில் அழைக்கிறார்கள். அழைப்பு வந்தால் விமான நிலையத்தில் இரண்டு காகிதங்களைக் கவனமாகக் காட்ட வேண்டும். கையில் 2,500 கனடிய டாலர் இருப்பதற்கான வங்கிச் சான்று ஒன்று. மருத்துவக் காப்பீட்டுச் சான்று மற்றொன்று. ஓராண்டுக்கு மட்டும் காப்பீடு எடுத்து வந்தால், இரண்டாண்டு உரிமை இருந்தாலும் அதிகாரி ஓராண்டுக்கே அனுமதி அடித்துக் கொடுத்துவிடலாம். சில நூறு யூரோ மிச்சம் பிடிக்கப்போய் ஓர் ஆண்டையே இழந்தவர்கள் உண்டு.

அடுத்தது வீடு. விளம்பரத்தில் 'நாலரை' என்று போட்டிருக்கும். நாலரை என்ன? சதுர அடியும் இல்லை, லட்சமும் இல்லை. நான்கு அறைகள், குளியலறைக்கு அரை. சமையலறை, கூடம், இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை என்றால் நாலரை. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். ஆகவே ஜூலை முதல் தேதி மாண்ட்ரியலில் ஊரே வீடு மாறும். நடைபாதையில் மெத்தைகள், மாடிக்கு வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் தோளில் சுமந்து இறங்கும் நண்பர்கள், தெருமுனையில் அநாதையாக ஒரு சோபா. அக்டோபரில் போய் இறங்கும் கிளேருக்குக் கிடைப்பது யாரோ ஒருவர் பாதியில் விட்டுப்போகும் ஒப்பந்தம்.

பாரிஸில் வீடு கேட்டால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம், அப்பா அம்மா ஜாமீன் எல்லாம் வேண்டும். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் வீட்டுக்காரர் முன்பணமே கேட்கக் கூடாது, சட்டம் தடுக்கிறது. முதல் மாத வாடகை மட்டும் வாங்கலாம். இதைக் கேட்டுக் கிளேர் மகிழ்ந்துபோவார். அடுத்த வரியில் இடி. வீட்டுக்காரர் அவருடைய கடன் வரலாற்றைப் பார்க்கக் கேட்பார். பிரான்ஸில் கடன் வாங்காமல் இருப்பது ஒழுக்கம். இங்கே கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிய தடம் இல்லையென்றால் ஆளே இல்லை. புதிதாக வந்தவர் முதலில் ஒரு கடன் அட்டை வாங்கி, காப்பிக்கும் ரொட்டிக்கும் அதில் பணம் கட்டி, மாதாமாதம் அடைத்து, தனக்கென ஒரு கடன்காரப் பிம்பத்தை வளர்க்க வேண்டியிருக்கிறது.

மொழியைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்துத்தானே வந்தார்? சக ஊழியர் 'தினே'வுக்கு வாருங்கள் என்று அழைப்பார். பிரான்ஸில் அது இரவுச் சாப்பாடு. கியூபெக்கில் அது மதியச் சாப்பாடு. 'தெஜுனே' பிரான்ஸில் மதியம், இங்கே காலை. இரவுச் சாப்பாட்டுக்கு இங்கே 'சூப்பே'. பிரான்ஸ்காரர் கார் நிறுத்தும் இடத்துக்கும் வார இறுதிக்கும் ஆங்கிலச் சொல்லையே கூச்சமில்லாமல் சொல்வார். கியூபெக்காரர் இரண்டுக்கும் நல்ல பிரெஞ்சுச் சொல் வைத்திருக்கிறார். மின்னஞ்சலுக்கு 'கூரியேல்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களும் கியூபெக்காரர்களே. ஆங்கிலக் கடலின் நடுவில் மொழியைக் காப்பாற்ற மல்லுக்கட்டுகிறவர்களுக்கு, பாரிஸ் உச்சரிப்போடு வந்து திருத்தம் சொல்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வராதா? 'மோதி ஃபிரான்சே' என்று ஒரு வசவே உண்டு. நம் மொழியில் 'பாழாய்ப்போன பிரெஞ்சுக்காரன்'. பாதி செல்லம், பாதி நிஜம். மாண்ட்ரியலின் பிளாத்தோ-மோன்-ரொயால் வட்டாரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் குவிந்து வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்ற புகாரும் அதே வசவுக்குள் அடங்கும். வேறு மொழி பேசும் நாட்டுக்குப் போனவர் தன்னை அந்நியராக உணர்ந்து பணிந்து நடப்பார். தன் மொழியே பேசும் நாட்டில் அந்தப் பணிவு வருவதற்குக் கொஞ்சம் நாளாகிறது.

வேலை விஷயத்தில் கிளேருக்கு அதிர்ஷ்டம். 2008 அக்டோபர் 17 அன்று பிரான்ஸும் கியூபெக்கும் தொழில்தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்பதற்கு ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி பிரெஞ்சுச் செவிலியர் மறுபடி படிக்க வேண்டாம், 75 வேலைநாள் தகவமைப்புப் பயிற்சி போதும். ஆனால் பத்து வருட அனுபவம் உள்ளவரும் அந்த 75 நாளும் பிறர் கண்காணிப்பில் நிற்க வேண்டும். பிரான்ஸில் தானே செய்த சில வேலைகளை இங்கே கேட்டுச் செய்ய வேண்டும், பிரான்ஸில் மருத்துவர் செய்யும் சிலவற்றை இங்கே தானே செய்ய வேண்டும்.

இரண்டாண்டு விசா முடிந்தால் என்ன? வழக்கமான பாதை இப்படி இருந்தது: கியூபெக்கில் வேலை அனுபவம் சேர்த்து, 2010இல் தொடங்கிய 'கியூபெக் அனுபவத் திட்டத்தின்' வழியாக மாகாணத்தின் தேர்வுச் சான்று வாங்கி, பிறகு கனடாவின் நிரந்தர வசிப்புரிமை. வந்தவர்கள் எல்லாரும் இதைக் கணக்கில் வைத்தே வந்தார்கள். 2025 நவம்பரில் மாகாண அரசு அந்தத் திட்டத்தை மூடியது. வேலையும் வீடும் பிள்ளையின் பள்ளியும் அமைந்துவிட்டவர்கள் நடுவழியில் நின்றார்கள், தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போய்க் குடியிருந்து பழகிய பிரெஞ்சுக்காரருக்கு, அனுமதி என்பது இன்னொருவர் கையில் இருக்கிறது என்பதே புதிய பாடம். பிரெக்சிட்டுக்குப் பிறகு 2021 ஜூன் 30க்குள் மனுப் போட்டுத் தங்கள் வீட்டிலேயே தங்க அனுமதி கேட்க வேண்டியிருந்த லண்டன் பிரெஞ்சுக்காரர்களுக்கும் அதுவே நேர்ந்தது. மற்ற உலகம் வசிப்பு அனுமதிக்காகப் பாரிஸ் காவல் தலைமையகத்தின் வரிசையில் நின்று பல காலமாகப் படித்துவரும் பாடம் அது.

குடியரசின் பெட்டி இந்த நேரத்தில் கிளேருக்கு எந்த அளவுக்கு உதவியது? ஓட்டுப் போட்டார். பாஸ்போர்ட் புதுப்பித்தார். ரூபெல் நிதியத்தில் சந்தா கட்டிச் சேரலாம், அது விருப்பத்தைப் பொறுத்தது. மாதச் செலவைப் பார்த்து அவர் சேரவில்லை. ஓய்வூதியத்துக்குப் பிரான்ஸில் காலாண்டுக் கணக்கு உண்டு. கியூபெக்கோடு உடன்படிக்கை இருப்பதால் அங்கே உழைத்த காலம் இங்கே எண்ணப்படும். உடன்படிக்கை இல்லாத நாட்டுக்குப் போய், தன் கையிலிருந்தும் கட்டாமல் விட்டால், கணக்கில் ஓட்டை விழும். அறுபது வயதில்தான் அந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியும்.

வரியில் மட்டும் பிரான்ஸ் பெரிய மனதோடு நடந்துகொள்கிறது என்று சொல்ல வேண்டும். அமெரிக்கா தன் குடிமக்களை உலகின் எந்த மூலையிலும் விடாமல் வருமானக் கணக்குக் கேட்கும். பிரான்ஸ் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்க்கிறது. குடும்பம் எங்கே, முதன்மை வேலை எங்கே, சொத்தின் மையம் எங்கே என்று கேட்டு, எல்லாம் வெளியே என்றால், பிரான்ஸில் விளையும் வருமானத்துக்கு மட்டும் வரி. பெரும் பங்குகளை வைத்திருப்பவர் கிளம்பும்போது தனி வரி ஒன்று உண்டு. 8 லட்சம் யூரோவுக்கு மேல் பங்கு வைத்திருப்போரின் கவலை அது, கிளேருக்கு இல்லை. ஒரே ஒரு நாடு விதிவிலக்கு, மொனாக்கோ. 1962இல் பிரெஞ்சு அதிபர் தெ கோல் அந்தக் குட்டி நாட்டின் எல்லையில் சுங்கக் காவலை நிறுத்தி மிரட்டினார். 1963இல் ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகு மொனாக்கோவில் குடியேறும் பிரெஞ்சுக்காரர் பாரிஸில் குடியிருப்பவரைப் போலவே வரி கட்டுகிறார். தேர்தலுக்குத் தேர்தல் யாராவது ஒருவர் அமெரிக்கப் பாணி வரியை உலகம் முழுக்க விரிக்கலாம் என்று கிளப்புவார், பிறகு அடங்கிவிடும்.

இங்கே புதுச்சேரியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இந்தியாவில் பதிவுசெய்துகொண்ட பிரெஞ்சுக் குடிமக்களில் பெரும்பகுதியினர் புதுச்சேரிப் பக்கத்துத் தமிழர்கள். 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை 'சொல்தா' என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறார்கள், பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். ஓய்வூதியம் வாங்கும் முதியவர் ஆண்டுதோறும் உயிரோடிருக்கிறேன் என்று சான்று அனுப்ப வேண்டும். மாண்ட்ரியலில் இருப்பவருக்கும் இதே விதி. தாமதமானால் பணம் நிற்கும்.

சட்டத்தின் கணக்கில் இவர்களும் கிளேரும் ஒரே வகை, 'பிரான்ஸுக்கு வெளியே நிலைகொண்ட பிரெஞ்சுக்காரர்'. ஆனால் இவர்கள் எங்கும் போகவில்லை. வைசியாள் வீதியிலோ முத்தியால்பேட்டையிலோ பிறந்த வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு பிரெஞ்சுக்காரர் ஆனார்கள். இவர்களுக்குப் புது வாழ்க்கை தேடி வெளிநாடு போவது என்றால் பிரான்ஸுக்குப் போவதுதான்.

இவர்கள் வழியாகவே இந்த ஏற்பாட்டின் கூர்மையான முனை ஒன்று தெரிகிறது. பிரெஞ்சுப் பெற்றோரின் பிள்ளை எங்கே பிறந்தாலும் பிரெஞ்சுக் குடியுரிமை இரத்த வழியில் வரும். ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. ஒரு குடும்பம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, அந்த நபரும் அவருடைய பெற்றோரும் பாஸ்போர்ட், பதிவு, ஓட்டு என்று பிரெஞ்சுக்காரராக நடந்துகொண்ட தடம் எதுவும் இல்லாவிட்டால், வம்சாவளியைக் காட்டி உரிமை கோரும் வழியே அடைபட்டுவிடும். சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு. புதுச்சேரிக்கு அந்த ஐம்பது ஆண்டுகள் 2012 ஆகஸ்டில் முடிந்தன. தாத்தா எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அப்பா தூதரகப் பக்கமே போகாமல் இருந்த வீடுகளில், பேரப்பிள்ளைகள் நீதிமன்றம் வரை போய்த் திரும்பினார்கள். குடியரசு கூடவே வரும், ஆனால் அவ்வப்போது திரும்பிப் பார்த்து நீ இருக்கிறாயா என்று கேட்கும். பதில் வராவிட்டால் நடையைக் கட்டிவிடும்.

மிகக் கடினமான கட்டம் போவதில் இல்லை, திரும்புவதில் இருக்கிறது என்று திரும்பியவர்கள் சொல்கிறார்கள். ஏழு ஆண்டு மாண்ட்ரியலில் இருந்துவிட்டுக் கிளேர் நாந்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையோடு வந்தால் மருத்துவக் காப்பீடு உடனே தொடங்கிவிடும். வேலையில்லாமல் வந்தால், பொதுவாக மூன்று மாதம் நிலையாகக் குடியிருந்ததற்கான ஆதாரம் கேட்பார்கள். குடியிருக்க வீடு வேண்டும். வீட்டுக்காரர் மூன்று மாதப் பிரெஞ்சுச் சம்பளச் சீட்டும் பிரெஞ்சு வரிச் சான்றும் கேட்பார். கையில் இருப்பதோ கனடியச் சீட்டுகள். வங்கிக் கணக்கு திறக்க முகவரிச் சான்று வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் அதே முகவரி. பாரிஸில் வந்திறங்கிய அயல்நாட்டு மாணவர் எவரும் அறிந்த வட்டம்தான் இது. தன் சொந்த நாட்டில் அதே வட்டத்தில் சுற்றுவதுதான் பிரெஞ்சுக்காரருக்குப் பொறுக்கவில்லை. வெளிநாட்டு பிரெஞ்சுக்காரர்களுக்கான முன்னாள் அமைச்சர், செனட்டர் எலென் கோன்வே-முரே 2015இல் திரும்புவோரின் சிக்கல்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கையே கொடுத்தார். அதற்குப் பிறகு, எந்தத் தேதிக்குள் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் இணையக் கருவி ஒன்று வந்தது. வீட்டுக்காரர்களின் மனத்தை மாற்றும் கருவி இன்னும் வரவில்லை.

ஆகவே பலர் திரும்புவதில்லை. திட்டமிட்டு அல்ல, அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று சொல்லியே. கிளேரும் அந்த வகையாக இருக்கலாம். மாண்ட்ரியலில் மகள் பிறப்பாள். மண்ணில் பிறந்ததால் அவள் கனடியப் பிரஜை, தாய் வழியில் பிரெஞ்சுக்காரி. கியூபெக் கொடுத்த பிறப்புச் சான்றைத் தூதரகத்தில் கொடுத்தால், அங்கே பிரெஞ்சுப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். அதன் பிறகு அந்தக் குழந்தைக்கு எப்போது பிறப்புச் சான்று தேவைப்பட்டாலும் விண்ணப்பிக்க வேண்டிய முகவரி நாந்த். கிளேர் வளர்ந்த ஊர், அவருடைய அம்மா இன்னும் குடியிருக்கும் ஊர். ஒன்றரைக் கோடிப் பதிவுகள் இருக்கும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் அவர் எத்தனையோ முறை டிராமில் போயிருப்பார், அது என்ன அலுவலகம் என்று அப்போது கேட்டிருக்க மாட்டார்.